சங்கு சொல்லாத பதில்

(மியூனிக்கிலிருந்து இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல் சிறிது செம்மை செய்யப்பட்டது.)



இங்கே மியூனிக்கில் மதியம் மூன்று மணி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை ஆறரை ஆகியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரவு ஒன்பது. தலைப்பு அறிவிக்கப்பட்டதும் இரண்டு நண்பர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருவர், "மேசையில் இருக்கும் கிளாஸில் என்ன?" என்று கேட்டிருந்தார். தண்ணீர்தான். இன்னொருவர் கொஞ்சம் கோபமாக, "இலக்கிய மேடையில் குடியைப் பற்றித்தான் பேச வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. என் பெரியப்பா நாற்பத்தெட்டு வயதில் குடித்தே போனவர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல மாட்டார்கள், 'அது' என்பார்கள். பெரியப்பா தினமும் குடித்தது எப்படி ருசித்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் உள்ளே தள்ளுவார், உடனே ஊறுகாயை நக்குவார். நாக்கில் பட்டதை அழிப்பதற்குத்தான் அந்த ஊறுகாய். டாஸ்மாக் கடையை ஒட்டிய சந்துகளில் இன்றும் அதுதான் நடக்கிறது. ருசி தெரியாமல் இறக்குவதே அங்கே திறமை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவன் ஒயினை நாக்கில் உருட்டி, மோந்து பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதுகிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் எழுதினேன், பத்து வருடத்துக்கும் மேலாக. இன்று பேச நினைப்பது அந்த நோட்டுகளைப் பற்றித்தான். ஒருவர் நாக்கில் பட்டதை இன்னொருவருக்குச் சொல்ல முடியுமா? சொன்னால் யாருக்காவது உபயோகம் உண்டா? இது ஒயினுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை என்பதால்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்தேன்.

மியூனிக் என்றதும் பியர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நான் 2009இல் இங்கே வந்தேன். முதல் முறையாக உட்கார்ந்து ஒயின் குடித்தது ஓர் அரண்மனையில். ராஜ உபசாரம் எல்லாம் இல்லை. நகரின் நடுவே இருக்கும் ரெசிடென்ஸ் அரண்மனையின் ஒரு பகுதியில் 'ஃபால்ட்சர் ரெசிடென்ஸ் வைன்ஷ்டூப' என்ற ஒயின் விடுதி இருக்கிறது. ஃபால்ட்ஸ் என்பது ரைன் நதிக்கரையின் திராட்சை நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரண்டாம் உலகப்போர் முடியும் வரை அது பவேரியாவோடு இருந்தது. மன்னரும் போய், அந்த உறவும் போய், ஒயின் மட்டும் அரண்மனையில் மிஞ்சிவிட்டது.

அங்கே பரிமாறியவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ட்ரோக்கனா, ஹால்ப்ட்ரோக்கனா?" உலர்ந்ததா, பாதி உலர்ந்ததா என்று அர்த்தம். ஊற்றிக் குடிக்கிற பொருள் எப்படி உலர்ந்திருக்கும் என்று விழித்தேன். கூட வந்தவர் விளக்கினார். இனிப்பில்லாததுதான் உலர்ந்தது. ஜெர்மன் லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான் மிஞ்சியிருக்கலாம். 'ஹால்ப்ட்ரோக்கன்' என்றால் 18 கிராம் வரை போகலாம். என் வாழ்க்கையில் நான் படித்த முதல் ஒயின் குறிப்பு அந்த ஒற்றைச் சொல். அதில் அலங்காரம் ஏதும் இல்லை. நான் கேட்க வேண்டியதற்குப் பதில் இருந்தது, அவ்வளவுதான்.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. பத்திரிகைகள் வாங்கினேன். கடைகளில் நடக்கும் 'வைன்ப்ரோப' கூட்டங்களுக்குப் போனேன். ஆறு கிளாஸ், ஒரு கூடை ரொட்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் 1984இல் ஒரு வாசனைச் சக்கரத்தை உருவாக்கினார். நடுவில் பழம், பூ, மசாலா, மண் என்று பெரிய பிரிவுகள் இருக்கும். வெளியே போகப்போக எந்தப் பழம், எந்தப் பூ என்று பிரியும். ஜெர்மனியிலும் இந்த நாட்டு ஒயின்களுக்கென்று அப்படிச் சக்கரங்கள் உண்டு. நான் ஒன்றை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு மடக்குக்கும் அதைப் பார்த்துச் சொல் பொறுக்கி எழுதினேன். மிராபெல், அகேசியா மலர், ஈரக் கல், காசிஸ். மிராபெல் என்பது சின்ன மஞ்சள் நிறப் பழம், பிளம் சாதி. அதை ஒயினில் கண்டுபிடித்துப் பதினேழு முறை எழுதிய பிறகுதான் முதல் மிராபெல் பழத்தைத் தின்றேன் என்பதை இன்று பொதுவெளியில் ஒப்புக்கொள்கிறேன்.

அதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். சோவினியோன் பிளாங்க் என்ற வகைக்கு எல்லாக் குறிப்பிலும் வரும் பழம் ஒன்று உண்டு. ஜெர்மனில் ஷ்டாகல்பேர, ஆங்கிலத்தில் கூஸ்பெரி. நம் அகராதிகளைப் புரட்டினால் 'நெல்லிக்காய்' என்று இருக்கும். நானும் அப்படியே தமிழாக்கி ஊரில் இருக்கும் தம்பிக்கு எழுதினேன். அவன், "நெல்லிக்காய் மாதிரின்னா, குடிச்சிட்டுத் தண்ணி குடிச்சா இனிக்குமா?" என்று கேட்டான். அகராதி அதைப் பொருந்தும் என்கிறது, நாக்கு இல்லை என்கிறது. இந்த ஊர்ப் பழம் முடி முளைத்த பச்சைத் திராட்சை மாதிரி இருக்கும். நம்முடைய நெல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் எழுதிய குறிப்பு தம்பியிடம் போய்ச் சேரும்போது வேறு பானமாக மாறிவிட்டிருந்தது.

என் பித்தம் இறங்கியது 2019 இலையுதிர்காலத்தில். நான் இருக்கும் கீஸிங் பகுதியில், என் வீட்டுச் சமையலறையில், மாதம் ஒருமுறை நாலைந்து பேர் கூடுவோம். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். எண்பதுகளில் அகதியாக வந்தவர், ஒரு மருத்துவமனைச் சமையல்கட்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். திருநெல்வேலி நண்பன் ஒருவன். மேல்மாடியில் இருக்கும் ஜெர்மன் பெரியவர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளுக்கு ஒரு பாட்டில், அக்கா கையால் வடையோ மீன் பொரியலோ. அதற்கு மேல் சடங்கு எதுவும் கிடையாது.

அன்று நான் ஒரு விளையாட்டு வைத்தேன். ஏட்ரியன் லேரர் என்ற மொழியியலாளர் ஒயின் பேச்சைப் பற்றி 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவர் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து இன்னொருவர் அதே ஒயினை எடுத்துக் காட்ட முடிகிறதா என்று அவர் சோதித்திருக்கிறார். சாதாரணமாகக் குடிப்பவர்கள் விஷயத்தில் அது ஏறக்குறைய குருட்டாம்போக்காகத்தான் இருந்தது. நாமும் செய்து பார்ப்போமே என்றேன். மூன்று பாட்டில், மூன்றும் வெள்ளை, மூன்றும் ட்ரோக்கன். மோசல் ரீஸ்லிங் ஒன்று. பாடன் பகுதியின் வைஸ்புர்குண்டர் ஒன்று. எங்கள் பவேரியாவிலேயே விளையும் ஃபிராங்கன் சில்வானர் ஒன்று. சில்வானர் கொடியை ஜெர்மனியில் முதன்முதலாக நட்டதாகப் பதிவு இருப்பது 1659இல், அந்த ஃபிராங்கன் பகுதியின் காஸ்டெல் என்ற ஊரில். அதன் பாட்டில் தட்டையான வயிற்றோடு இருக்கும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூன்றுக்கும் என் கம்பளிக் காலுறைகளை மாட்டினேன். எல்லோரும் எழுதினோம். பிறகு தாள்களைக் குலுக்கி, கிளாஸ்களின் வரிசையை மாற்றி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து எந்தக் கிளாஸ் என்று சொல்ல வேண்டும்.

என் தாளை வைத்துச் சரியான கிளாஸைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. மிராபெல், ஈரக் கல், வெண்மலர் என்று மூன்றுக்குமே ஏதோ ஒரு வடிவத்தில் எழுதியிருந்தேன். நண்பன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாத்துலயும் ஒண்ணையே எழுதியிருக்கியேல" என்றான்.

அக்கா எழுதியிருந்ததை வாசிக்கிறேன், அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் கிளாஸ்: "பல் கூசுது. வாய் ஊறுது. தேசிக்காய். மீனுக்கு நல்லது." இரண்டாவது: "புளிப்புக் குறைவு. நாக்கில கொஞ்சம் கனம். முடிவில ஒண்டும் இல்லை. சாந்தமான ஆள்." மூன்றாவது: "புளிப்பு நடுத்தரம். முடிவில லேசாக் கைக்குது, வெள்ளரிக்காய்த் தோல். நல்லா நேரம் நிக்குது." இதை நான் பெரியவருக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மூன்றையும் சரியாக எடுத்து வைத்தார். நண்பனும் வைத்தான். நானும் வைத்தேன். தேசிக்காய் என்றால் எலுமிச்சை என்று நண்பனுக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சொல் விளங்காமலே அவன் சரியாக எடுத்திருந்தான்.

அக்கா என் தாளைப் பார்த்துச் சொன்னார்: "வாசிக்க வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா எந்தக் கிளாஸ் எண்டு விளங்கேல்லை."

அன்று இரவு படுக்கையில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா குறித்ததெல்லாம் வாய்க்குள் நடந்தது. புளிப்பு எவ்வளவு, கைப்பு எங்கே வருகிறது, கனமா லேசா, எவ்வளவு நேரம் நிற்கிறது. இவை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் பெரும்பாலும் சேதமில்லாமல் போய்ச் சேருகின்றன. நான் குறித்ததெல்லாம் மூக்கில் நடந்தது, அதுவும் என் மூக்கில் நடந்ததா என்பதே நிச்சயமில்லை.

மூக்கை நம்பலாமா என்பதற்குப் பிரான்சில் ஒரு பிரபலமான சோதனை உண்டு. 2001இல் வெளியானது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். வெள்ளை ஒயினுக்குரிய சொற்களை எழுதினார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். இப்போது சிவப்பு ஒயினுக்குரிய பழங்களும் மசாலாக்களும் அதே மாணவர்களின் தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன. இதைப் படித்துவிட்டு ஒயின் நிபுணர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு நம் புத்தக விமர்சனங்கள்தான் ஞாபகம் வந்தன. அட்டையில் இருக்கும் பெயர்தான் நம்முடைய சிவப்புச் சாயம். பெரிய பெயர் என்றால் 'நுட்பம்', புதுப் பெயர் என்றால் 'நம்பிக்கையூட்டும் வரவு'. அடர்த்தி, செறிவு, கவித்துவம் என்று நமக்கும் ஒரு சக்கரம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் மிராபெல் எழுதிய மாதிரி எத்தனை மதிப்புரைகளில் 'கவித்துவம்' எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அதற்காக மணமே கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டன்டோன் என்று பெயர். நம் கருமிளகிலும் அதே பொருள்தான் மிளகு வாசத்தைத் தருகிறது. ஆக, ஒயினில் மிளகு மணக்கிறது என்று எழுதியவர் கதை விடவில்லை. ஆனால் அந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்தது. சோதித்துப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் தெரியவில்லை. ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பேரில் ஒருவருக்கு மிளகு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு நடந்தது. மியூனிக்குக்கு வடக்கே ஃப்ரைசிங் என்ற ஊர். அங்கே உள்ள உணவு வேதியியலாளர்களும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உணவுப் பொருள்களிலிருந்து ஏறக்குறைய 10,000 ஆவிப்பொருள்கள் வெளிவருகின்றன. அவற்றில் நம் மூக்குக்கு உண்மையில் முக்கியமானவை சுமார் 230தான். புளித்த பாலில் கடைந்த வெண்ணெய்க்கு மூன்று போதும், ஸ்ட்ராபெரிக்குப் பன்னிரண்டு, கோன்யாக்குக்கு முப்பத்தாறு. தமிழ் எழுத்துகள் 247. உணவு மணத்தின் நெடுங்கணக்கு அதைவிடச் சின்னது. இவ்வளவு சின்ன நெடுங்கணக்கை வைத்துக்கொண்டு ஏன் நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

இத்தனைக்கும் தமிழுக்கு மணச் சொல் பஞ்சமில்லை. வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, முடை, காறல், காந்தல், கமறல், மக்கல். ஒவ்வொன்றும் வேறு. மிளகாய் வதக்கினால் நெடி, கழுவாத மீன் பாத்திரத்தில் கவிச்சி, பழைய எண்ணெயில் காறல். இவற்றில் எதற்கும் 'போல' தேவையில்லை. சுவையிலும் அப்படித்தான். சிவப்பு ஒயின் நாக்கைப் பிடித்து இழுப்பதை விளக்க இந்த ஊர்க்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். 'நாக்கில் ரோமம் முளைத்த மாதிரி' என்று ஜெர்மனில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நமக்குத் துவர்ப்பு என்று ஆறில் ஒன்றாகவே இருக்கிறது. வாழைப்பூ, பாக்கு, கடுக்காய். எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

நம் பழைய பாட்டுகளில் மதுக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தேன். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறார். பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தருகிறார்கள். அதைப் பற்றி அவர் சொல்வது இரண்டே விஷயம்: குளிர்ச்சி, மணம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் உண்டு. அந்தக் காலத்து ரோமானியச் சாடிகளின் உட்புறம் பெரும்பாலும் பைன் பிசின் பூசுவார்கள். அந்தப் பிசின் வாடையும் மதுவில் இறங்கியிருக்கலாம். நக்கீரர் அந்த விவரத்துக்குள் போகவில்லை. ஊர்ச் சரக்கைப் பற்றிய குறிப்பு வேறு விதம். நாள்பட்ட தேறலை ஔவையார் தேள் கொட்டுவதோடு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் சீறும் பாம்பு வருகிறது. அது என்ன மணம், என்ன சுவை என்றில்லை, குடித்தவனை என்ன செய்யும் என்பதுதான் குறிப்பு. என் பெரியப்பாவுக்கு அது விளங்கியிருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2021 நவம்பரில் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் காபி போட்டேன், அது வெறும் சுடுநீராக இருந்தது. டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெருங்காயம், பூண்டு, குழந்தைகளின் தலை, எதுவும் இல்லை. உங்களில் சிலருக்கு இது நடந்திருக்கும். நடக்காதவர்களுக்குச் சொல்வது கடினம். வீடு முழுக்க ஒரு கண்ணாடிச் சுவர் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த டிசம்பரில் ஒருநாள் நோட்டுகளை எடுத்தேன். மூக்கு இல்லையென்றால் என்ன, பத்து வருட மணம் இதில் எழுதி வைத்திருக்கிறோமே, வாசித்தாவது பார்ப்போம் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக அகேசியா, காசிஸ், ஈரக் கல். ஒன்றும் எழுந்து வரவில்லை. அவை சக்கரத்தின் சொற்கள், என்னுடையவை இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் இரண்டே இடத்தில் ஏதோ அசைந்தது. ஒன்று, அவசரத்தில் தமிழில் கிறுக்கியது: 'பாட்டி வீட்டு நெல் குதிர், மூடி திறந்ததும்.' இன்னொன்று, நோட்டுக்குள் சொருகியிருந்த அக்காவின் தாள்.

பழைய ரீஸ்லிங் ஒன்று மிச்சம் இருந்தது. அக்காவின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன். பல் கூசுது, வாய் ஊறுது. ஆமாம், கூசியது, ஊறியது. மூக்கு போனாலும் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு நாக்கில் இருக்கும். துவர்ப்பும் காரமும் தொடுவுணர்ச்சியோடு சேர்ந்தவை, அவையும் இருக்கும். அக்காவின் குறிப்பில் தேசிக்காய் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் எனக்கு இன்னும் உண்மையாக இருந்தன. என் குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். டிரெஸ்டனைச் சேர்ந்த தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வேண்டும், மூன்று மாதம். மோக்கும்போது அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யூகலிப்டஸுக்கு நான் கடைக்குப் போகவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய நீலகிரித் தைலம் இருந்தது. நெற்றிப் பொட்டு, மார்பு, சளி, அம்மாவின் கை என்று நினைவு வந்தது. மணம் மட்டும் வரவில்லை.

2022 ஜனவரியில் நண்பர்கள் மறுபடி கூடினோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். குருடனுக்கு எதற்கு ஓவியக் கண்காட்சி என்று கசப்பாக ஏதோ பேசினேன். அக்கா கேட்கவில்லை. கிளாஸை என் முன்னால் வைத்தார். எனக்கு வாய்விட்டுக் கேட்க வேண்டும் போல் இருந்தது. "அக்கா, என்ன மணம் வருது?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேசிக்காய் என்றும் சொல்லவில்லை. "தம்பி, உங்கட வீட்டில ஊறுகாய் என்னத்தில போடுறவை?" என்று கேட்டார். "நார்த்தங்காய்" என்றேன். "மரம் வீட்டில நிண்டதோ?" "பின்கட்டில் இருந்தது. அம்மா அந்த இலையில் வேப்பிலைக்கட்டி இடிப்பாள்." அவர் இன்னொரு முறை மோந்து பார்த்தார். "அப்ப இது நார்த்தங்காய் இலை. காய் இல்லை, இலை. கிள்ளினவுடன வாற மணம்."

மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்கள் பின்கட்டும் துவைக்கிற கல்லும் அந்த மரமும் அப்படியே தெரிந்தன. இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு வாய் ஒயினுக்கு வெளியே ஏதோ ஓர் உலகம் இருந்தது.

பிறகு அக்காவிடம் கேட்டேன், ஏன் என் வீட்டு ஊறுகாயை விசாரித்தீர்கள் என்று. மருத்துவமனைச் சமையல்கட்டில் புற்றுநோய் வார்டுக்கும் சாப்பாடு போகுமாம். மருந்தால் வாய் கெட்டுப்போனவர்கள் எதையும் தொட மாட்டார்களாம். "சூப் நல்லா இருக்கு எண்டு சொன்னா ஒருத்தரும் குடியாயினம். உங்கட அம்மா என்ன சூப் வைக்கிறவ எண்டு கேட்டால் குடிப்பினம்" என்றார். இருபத்தாறு வருடம் அவர் செய்த வேலை அது.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் சங்கைப் பார்த்துக் கேட்பது உங்களுக்குத் தெரியும். மாதவனுடைய வாயின் சுவையும் மணமும் எப்படி இருக்கும், கற்பூரமா, தாமரையா, தித்திப்பா என்று கேட்கிறாள். கேட்பவள் சுவைக்காதவள். சங்கு சுவைத்தது. சுவைக்காதவர் சுவைத்தவரிடம் கேட்பதுதான் எல்லாக் குறிப்புக்கும் பிறப்பிடம் என்று அந்த ஜனவரிக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது. கவனித்துப் பாருங்கள், கற்பூரம், தாமரை என்ற சொற்களைக் கொண்டுவருவது ஆண்டாள். தான் அறிந்த பொருள்களை நீட்டி, இவற்றில் எது என்று கேட்கிறாள். சங்கு பதில் சொல்வதாக அந்தப் பத்துப் பாட்டில் எங்கும் இல்லை. சொல்லியிருந்தால் அது கடலில் தான் கண்ட எதையாவது சொல்லியிருக்கும். அவளுக்கு விளங்கியிருக்காது. அக்கா செய்தது சங்கு செய்யாததை. என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதிலிருந்து ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தார்.

இப்போதும் குறிப்பு எழுதுகிறேன். நாலு வரிக்கு மேல் போவதில்லை. முதலில் வாயில் நடப்பது: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, கனம், எவ்வளவு நேரம் நிற்கிறது. என்ன சாப்பாட்டோடு குடித்தோம், யார் இருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு மணம், அதுவும் நான் எப்போதாவது நிஜமாகவே மோந்து பார்த்த பொருளாக இருந்தால்தான். யாருக்காவது சொல்வதாக இருந்தால் அந்தச் சொல்லை அவருக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிறேன். புத்தகத்தைப் பற்றி எழுதும்போதும் இதையே முயன்று பார்க்கிறேன். 'கவித்துவம்' வந்தால் அடித்துவிட்டு, இந்தப் புத்தகத்தைப் படிக்காத என் தம்பி கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன். எல்லா முறையும் முடிவதில்லை.

கதையை முடித்துவிடுகிறேன். எனக்கு முதலில் திரும்பி வந்தது கிராம்பு. மார்ச் மாதத்தில் ஒரு காலை, நூல் மாதிரி மெலிதாக வந்தது. பிறகு எலுமிச்சை, நீலகிரித் தைலம். காபி இன்றுவரை முழுதாக வரவில்லை, சில நாள் ரப்பர் கருகிய வாடை அடிக்கிறது. அந்தக் கோடையில் ஆசையாக அதே ரீஸ்லிங்கை, அதே வருடத்துப் பாட்டிலை, வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மோந்து பார்த்தேன். நார்த்தை இலை இல்லை. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இல்லை. பச்சை ஆப்பிளும் மெழுகும் கலந்த மாதிரி ஏதோ இருந்தது. தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிழையாத்தான் இருக்கும் தம்பி. நான் நாரத்தை இலையைக் கிள்ளி மணந்து நாப்பது வருசம். நீங்கள் கேட்டியள், ஏதாவது சொல்ல வேணும்தானே."

நோட்டில் அந்த ஜனவரிக் குறிப்பை நான் அடிக்கவில்லை. 'நார்த்தை இலை, அக்கா சொன்னது' என்று அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கோடையின் தேதியைப் போட்டு, 'எனக்கு இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.